வட்டம் விழுந்த இலை

கிருமிகளுக்கு மாத்திரைகள் எதுவும் கேட்காமல் போன பிறகு, நோயாளிகளின் வீட்டார் கண்ணில் பட்ட இலையையெல்லாம் பறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் புஷ்பராணி அவற்றை அரைத்துச் சாறெடுத்து, அந்தந்த நோயாளியின் கிருமி வளரும் தட்டில் ஒரு துளி விட்டு வைப்பாள். சாறு கிருமியைக் கொன்றால் துளியைச் சுற்றித் தெளிவாக வட்டம் விழும். அப்படி விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. இலையைக் கையில் வாங்கும்போதே அவளுக்கு அலுப்புத் தட்டும்.

முந்தின நாள் சூசைமிக்கேல் கொடுத்த இலைக்கு அன்று காலை வட்டம் விழுந்திருந்தது. பிரசவக் காய்ச்சலில் கிடந்த அவன் மனைவி ரெஜினா விடியும்போதே இறந்திருந்தாள்.

உடலை வாங்க வந்தவன் ஜன்னலருகே நின்றான். "எங்க எல கேட்டுச்சாக்கா?"

இல்லையென்று சொல்லிவிடலாம், அவனாவது நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் அதே வார்டில் அதே கிருமியோடு இன்னும் சில தாய்மார்கள் கிடந்தார்கள். அது என்ன செடியென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அத எங்க பறிச்சீங்க தம்பி?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "அப்ப கேட்டிருக்கு. இல்லன்னா நீங்க எடத்த விசாரிக்க மாட்டீங்க."

அவள் தலையசைத்தாள். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவளும் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அவனே எழுந்தான்.

"உப்பளத்துக்குப் பின்னால இருக்குக்கா. நீங்க தேடுனா கெடைக்காது. ஒரு பைய எடுத்துட்டு வாங்க, காட்டுறேன். ரெஜினாவ திரும்பி வந்து வாங்கிக்கிடுறேன்."