வைரவனின் உயரம்

வீட்டின் முதல் சுண்ணாம்புப் பூச்சைக் காட்டி அதன் வயதை நிரூபிக்காவிட்டால், சாலைக்காக இடித்துவிடுவார்கள். கொத்தனார் தாவூது பின்கட்டுச் சுவரை அடுக்கடுக்காகச் சுரண்டினார். வெள்ளையடித்தபோதெல்லாம் அந்தக் குடும்பம் பிள்ளைகளை நிறுத்தி, உயரத்துக்குக் கரிக்கோடு போட்டுப் பெயர் எழுதியிருந்தது. அடுக்குக்கு அடுக்கு பெயர்களும் உயரங்களும் மாறின. வைரவன் மட்டும் எல்லா அடுக்கிலும் இடுப்பளவிலேயே நின்றான்.

“யாரு ஆச்சி இந்தப் பய? சோறே போடலியா?”

கடைசி வாரிசான மெய்யம்மைக்கும் தெரியவில்லை. “சுரண்டுங்க பாய், பாப்போம்.”

“சுரண்டினா கோடு போயிருமே.”

“இல்லன்னா வீடே போயிரும்.”

முதல் பூச்சு வந்தது. அதில் வைரவன் மட்டும் இருந்தான்.

வீடு தப்பியது. புதுச் சுண்ணாம்பு காய்ந்ததும் மெய்யம்மை கரித்துண்டோடு வந்து, இடுப்பளவுக்குக் குனிந்தாள்.