ரூபியின் செரட்டோனின்

எட்டு மாதமாக ரூபி யாரோடும் சண்டை போடாததில் எங்கள் தெருவே பயந்துபோயிருந்தது. மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு என்றும் பார்த்தார். வாழைப்பழத்தில் அது இருக்கிறதென்று யாரோ சொல்ல, அதை ஏற்றியே தீருவதென்று அவள் கணவர் ஞானசிகாமணி தினம் ஒரு சீப்பு சுமந்தார். வீட்டில் குரங்கு வளர்க்கிறாரா என்று கடைக்காரர் எங்களிடமே விசாரித்தார். ஆறு வாரம் கழித்து இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. நூற்றெண்பது இருந்தது நாற்பதாகியிருந்தது. மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? டாக்டருக்குப் போன் போட்டார்.

"இந்த மாத்திரை போட்டா ரத்தத்துல அது குறையத்தான் செய்யும் சார். நம்பர விடுங்க. அவங்க எப்படி இருக்காங்க?"

எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர் அதற்கும் ரிப்போர்ட்டைத்தான் புரட்டினார். அப்போது மாடியிலிருந்து ரூபியின் குரல் வெடித்தது.

"எவம்ல எங்க வீட்டு கேட்டு முன்னால பைக்க நிறுத்துனவன்? கண்ணு பின்னால பொடதியிலயால இருக்கு?"

தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பைக்குக்காரன்கூட வண்டியை நகர்த்தாமல் நின்று கேட்டான். ஞானசிகாமணி எழுந்து, போனை மாடிப்பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்.

"கேளுங்க டாக்டர், நல்லா கேளுங்க!"