அண்ணனோட நடை

எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பும் முட்டியும் மாத்தினாங்க. புது மூட்டு மெஷினாம், அதுக்கு நடக்கச் சொல்லிக்குடுக்கணும், கூடப்பொறந்தவங்க நடக்கிற வீடியோ குடுங்கன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. எலும்பு வாகு ஒண்ணா இருக்குமாம். போன வருசம் தவறிப்போன இவரோட அண்ணன் வீடியோவ யோசிக்காம குடுத்துட்டோம்.

இப்ப இவரு அப்படியே அண்ணன் மாதிரி நடக்கிறாரு! இடுப்பு வலப்பக்கம் சாயுது, இடது கால சர்ருன்னு இழுத்து வைக்குது. அண்ணனுக்கு அந்த முட்டியில வலி.

அந்த இழுப்புச் சத்தம் கேட்டாப் போதும், எங்களோடயே இருக்கிற அண்ணன் பொண்டாட்டி வடிவாம்பா அக்கா காப்பி டம்ளரோட ஓடி வர்றாங்க. இவரப் பாத்ததும் மொகம் வாடிப்போவுது. அதனால அக்கா வீட்ல இருந்தா இவரு எந்திரிக்கிறதே இல்ல. நடக்கலேன்னா மூட்டு இறுகிடும்னு டாக்டர் திட்டுறாரு. எனக்கு இருப்புக் கொள்ளல.

நாளைக்கு நடைய மாத்த ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வருதுன்னு இன்னிக்கு அக்காகிட்ட சொல்லிட்டேன்.

"மாத்திக்கோங்கம்மா. அதுக்குள்ள, தம்பி, அடுப்படி வரைக்கும் ஒருதரம் நடங்களேன். நான் திரும்பி உக்காந்துக்கிறேன்."

இவரு என் மொகத்தப் பாத்தாரு. போங்கன்னு தலையாட்டினேன்.

நடந்தாரு. அக்கா சுவரப் பாத்துக்கிட்டே, "மெதுவாங்க, முட்டி வலிக்கப் போவுது"ன்னாங்க.

புது முட்டிக்கு ஏதுங்க வலி? இருந்தாலும் இவரு மெதுவாத்தான் நடந்தாரு.