நெஞ்சுதானே, எரியட்டும்

"ஆறு மாசத்துக்குள்ள நான் இளைச்சாகணும், டாக்டரம்மா. அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது" என்றார் கேக் மாஸ்டர். சொல்லிவிட்டு, மனைவியின் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். 'கொஞ்சம் உடம்பைக் குறைங்க' என்று கல்யாணமான நாளிலிருந்து தலைபாடாக அடித்துக்கொண்டவள் அவள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்ட மனுஷன், இன்று தானாகவே வந்து வயிற்றை அறுங்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்.

அவர் உடம்புக்குக் காரணம் பேக்கரிதான். ஓரம் லேசாகக் கருகினாலும் அந்தக் கேக்கை யார் தலையிலும் கட்டமாட்டார். "பழுதானதைக் கொடுக்கக் கூடாது" என்று ஒதுக்கி வைத்து, வீணாக்கவும் மனசு வராமல் தானே தின்று தீர்த்துவிடுவார். அந்த நேர்மை இன்றைக்கு நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு தவித்தது.

அவள் சும்மா சந்தேகப்படுகிறவள் அல்ல. போன வாரம் அவர் பால்கனியில் நின்று போனில் குழைந்ததைத் தன் காதாலேயே கேட்டாள். "கண்டிப்பா இளைச்சுட்டு வந்துடறேன், மேடம். அதுவரைக்கும் வேற ஆளைப் பார்த்துடாதீங்க."

அவளைக் கண்டதும் போன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. யார் அந்த மேடம்? பாதி வழுக்கையும் முழுத் தொந்தியுமாக இருக்கிற இவருக்காகக் காத்திருக்கிறவள் எவள்? அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

டாக்டரம்மா ரப்பரில் செய்த இரைப்பை ஒன்றை மேசைமேல் வைத்தார். "மூணு வழி இருக்கு. முதல்ல பலூன். வாய் வழியா உள்ள விட்டு ஊதி வெச்சிடுவோம், வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கும். ஆறு மாசம் கழிச்சு எடுத்துடுவோம்."

"எடுத்தப்புறம்?"

"வாயைக் கட்டலேன்னா பழையபடி ஏறிடும்."

"பேக்கரில நின்னுக்கிட்டு வாயைக் கட்டறதா? நடக்கற கதையா சொல்லுங்க, டாக்டரம்மா."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப ஸ்லீவ். இரைப்பையில முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்கிடுவோம். மூணாவது பைபாஸ். மேல சின்னதா ஒரு பை மட்டும் விட்டு, அதோட குடலை இணைச்சிடுவோம். சாப்பாடு குறுக்கு வழில போயிடும்."

"உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே?" மனைவி சட்டென்று கேட்டாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், கத்தி என்றதும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ரொம்பக் குறைவும்மா. ஆனாலும் ஆபரேஷன் ஆபரேஷன்தான்" என்ற டாக்டரம்மா மாஸ்டரிடம் திரும்பினார். "உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருக்கு. ஸ்லீவ் பண்ணினா அது அதிகமாகும். அதனால நான் பைபாஸ்தான் சொல்வேன். எடையும் நல்லா இறங்கும்."

"அப்ப பைபாஸே பண்ணிடலாம்!" மாஸ்டர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அதுல வேற தொந்தரவு ஒண்ணும் வராதே?"

"ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும். சில பேருக்கு கிட்னில கல்லு வரும்."

தேய்த்த கைகள் அப்படியே நின்றன. "அப்ப அது வேணாம். ஸ்லீவே பண்ணிடுங்க."

"நெஞ்செரிச்சல்?"

"நெஞ்சுதானே, எரியட்டும்."

இதற்கு மேல் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"எரியறது என் நெஞ்சு! யாருங்க அந்த மேடம்? பால்கனில குழைஞ்சதையெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். எங்கண்ணன் மாசக்கணக்கா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையறான், ஒரு தடவை எட்டிப் பார்த்தீங்களா? கல்யாணத்தன்னிக்கு 'பீப்பாய்'னு கூப்பிட்டுட்டான்னு இன்னும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கீங்க. எவளோ ஒருத்திக்காக வயித்தை வெட்டிக்க மட்டும் ஓடி வந்துட்டீங்க!"

அவள் கண்ணில் நீர் முட்டியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா ரப்பர் இரைப்பையை மெல்ல ஓரமாக நகர்த்தினார். இந்த அறையில் எத்தனையோ குடும்பச் சண்டைகளைப் பார்த்தவர் அவர்.

"கல்லு எல்லாருக்கும் வராதுங்க" என்றார் சமாதானமாக. "நிறைய தண்ணி குடிச்சா சமாளிச்சுடலாம். உங்க கிட்னிக்கு நீங்க ஏன் இவ்வளவு பயப்படறீங்க?"

மாஸ்டர் முதல் முறையாக மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவரின் முழி அது.

"அந்த மேடம், உங்கண்ணன் போற ஆஸ்பத்திரில இருக்கறவங்க. இந்த உடம்போட எடுக்கமாட்டோம், இளைச்சுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. நிச்சயமானப்புறம் வீட்டுல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"எதை எடுக்கமாட்டாங்களாம்?" என்றாள் அவள், துடைத்த தலைப்பு கையிலேயே இருக்க.

கருகிய கேக்கை ஒதுக்கி வைக்கும்போது வருகிற அதே குரலில் மாஸ்டர் சொன்னார்:

"உங்கண்ணனுக்குப் போற கிட்னிம்மா. பழுதானதையா கொடுப்பேன்?"