அத்திமரத்தடியில் கட்டன்சாயா

"எல்தோஸே, இன்னைக்கும் இல்லன்னு சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

சைனபா டாக்டர் கேமரா முக்காலியைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றார். தட்டேக்காட்டுக் காட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வழிகாட்டி எல்தோஸ் ஒரு மரம் விடாமல் அண்ணாந்து பார்த்தபடி முன்னால் நடக்கிறார். கழுத்து வலிதான் மிச்சம்.

"காட்டுப் பறவை டாக்டரே. நாம சொன்ன இடத்துல வந்து உட்காருமா?"

"கொம்பன் ஆந்தை எங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்னுதானே கோழிக்கோட்டுலேருந்து வந்தேன்? என் கண்காட்சியில எல்லா ஆந்தையும் இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும் வெறும் சட்டம் தொங்குது. பாக்கறவங்க சிரிக்கறாங்க."

எல்தோஸ் அடுத்த மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. டிசம்பர்ல எங்க கேமரா சங்கம் மொத்தமா இங்க வருது. உங்க வீட்டுல தங்கறதா, உங்க மச்சான் பைலி வீட்டுலயான்னு நான்தான் சொல்லணும். காலையிலகூட பைலி போன் பண்ணினார். 'மச்சானுக்குக் கண்ணு போச்சு, எங்கிட்ட வாங்க'ன்னார்."

எல்தோஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். சங்கம் பைலி பக்கம் போனால் அத்தோடு சரி. இந்தக் கேமராக்காரர்கள் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வருகிறவர்கள். தங்கும் அறைகளைப் பூட்டிவிட்டு மறுபடியும் ரப்பர் பால் வெட்டப் போகவேண்டியதுதான். பெண்டாட்டியும் தம்பி கட்சிக்குப் போய்விடுவாள். பாவம், மனுஷனுக்கு முகமே செத்துவிட்டது.

"கீழ பாத்துட்டே வாங்க டாக்டரே," என்றார். "எச்சம் வெள்ளையடிச்ச மாதிரி கிடந்தா மேல ஆள் இருக்குன்னு அர்த்தம். இல்லன்னா இல்ல."

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கேயும் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. பெரிய அத்திமரத்தடிக்கு வந்ததும் முக்காலியை இறக்கிவிட்டார்.

"கால் போச்சு. கட்டன்சாயாவை எடுங்க."

"இங்க வேண்டாம் டாக்டரே, முசுறு எறும்பு கடிக்கும். ஆத்தோரமாப் போயிடலாம்."

"கடிச்சா கடிக்கட்டும்." அந்த மரத்தடியில் சருகு மெத்தைபோலக் கிடந்தது. டாக்டர் உட்கார்ந்தேவிட்டார்.

எல்தோஸ் நின்றபடியே பிளாஸ்க்கைத் திறந்தார். அவசரமாக ஊற்றியதில் சூடான சாயா விரலில் கொட்டியது.

"போன வருஷம் ஒரு கூடு இருந்துச்சே, அது என்ன ஆச்சு?"

"அது ஆத்துக்கு அந்தப் பக்கம். நான்தான் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன். படம் தெளிவா வரலன்னு, மறைச்சிருந்த கொடியை வெட்டிட்டார். மறுநாள் போனா காக்கா கூட்டம். குஞ்சு இல்ல." எல்தோஸ் ஒரு வாய் சாயா குடித்தார்.

"அந்த மாதிரி ஆளா நான்?"

"சேச்சே! உங்களைச் சொல்வேனா?"

மேலே இலைகள் லேசாகச் சரசரத்தன. அதே நேரம் எல்தோஸுக்குப் பலமாக இருமல் வந்துவிட்டது. "புரை ஏறிடுச்சு டாக்டரே," என்று திரும்பி நின்று இன்னும் இருமினார்.

டாக்டர் கேமராவை மடிக்கு எடுத்தார். அண்ணாந்து ஒருமுறை மரத்தைப் பார்த்தார். எல்தோஸின் முதுகைப் பார்த்தார். பிறகு லென்ஸ் மூடியை அழுத்தி மாட்டினார்.

"ஒண்ணுமில்ல. வாங்க, போகலாம்."

திரும்பும் வழி முழுக்க டாக்டர் பின்னாலேயே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம்தான், வேறென்ன? ஜீப் நிற்கும் இடம் வந்ததும் எல்தோஸால் தாங்க முடியவில்லை.

"டிசம்பர்ல நீங்க பைலிகிட்டயே போங்க டாக்டரே. நல்ல பையன்தான். என் கண்ணு இப்போ முன்ன மாதிரி இல்ல."

டாக்டர் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியை இறக்கினார்.

"உங்க வீட்டுக்குத்தான் வர்றோம். அதுக்குள்ள குஞ்சு பறந்துடும்ல?"

எல்தோஸ் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சருகைப் போட்டுத் தரையை நல்லாத்தான் மூடியிருக்கீங்க எல்தோஸே. பைலி கண்ணுல படறதுக்குள்ள சட்டையை மாத்துங்க. முதுகு பூரா வெள்ளையடிச்சிருக்கு!"