ஒருத்தர் பாத்திருக்காங்க

"ஏந்தாயி, என் மவன் பேரத் தட்டுனா கல்யாண மண்டபம் வருது?"

அருள்தாஸ் சத்தமாகத்தான் கேட்டார். காது மந்தம் என்பதால் அவருக்கு எப்போதும் அதே குரல்தான். வாசலில் ஜெராக்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சுடர்விழி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். அவர் மகன் ஜெரால்டின் முகம் இருக்கவேண்டிய இடத்தில், தோரணமும் சீரியல் லைட்டுமாக ஒரு மண்டபம் ஜொலித்தது. நேற்றுத்தான் அந்த மண்டபத்துக்கு அவள் வெப்சைட் ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளுடைய கம்ப்யூட்டர் சென்டர். ஊரில் எட்டுக் கடைகளின் வெப்சைட்டுகள் அவள் பொறுப்பில் ஒரே சர்வரில் ஓடின. ஒன்பதாவது, ஜெரால்டுடையது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், மூன்று வருஷமாக ஒரு போன்கூடச் செய்யாதவன். அவன் படம், அடையாளம், கீழே ஒரு போன் நம்பர். பார்த்தவர்கள் யாராவது கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையில், சனிக்கிழமை தவறாமல் நாகுடியிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார் அருள்தாஸ்.

"நேத்து பக்கத்து வீட்டு முத்துராஜ் போன்லயும் போட்டுப் பாத்தேன். அதுல ஒண்ணுமே வரல. இங்கிட்டு வந்தா மண்டபம் வருது."

"போன்ல ஏன்யா பாத்தீங்க? அங்க சிக்னல் எடுக்காதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" அவள் குரல் சட்டென்று உயர்ந்து, உடனே தணிந்தது. "உக்காருங்க. இதோ பாத்துடுறேன்."

"அவன் வீட்டுக்குள்ள மண்டபக்காரன் எப்புடித் தாயி பூந்தான்?"

"எல்லாம் ஒரே கட்டடம்யா. வாசல்ல ஒரு வாட்ச்மேன் இருக்கான்னு வச்சுக்கங்க. பேரச் சொன்னா அந்த ரூமுக்கு அனுப்புவான். தெரியாத பேருன்னா மொத ரூமக் காட்டி விட்டுருவான்."

"அப்ப அவனுக்கு என் மவன் பேரு மறந்துருச்சா?"

அவள் சர்வரைத் திறந்தாள். தப்பு அவளுடையதுதான். மண்டபத்துக்குப் புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, ஜெரால்டின் ஃபைலை நகல் எடுத்துத் திருத்தப் போனவள், அசலையே திருத்தி வைத்திருந்தாள். அவன் பெயர் இருந்த வரியில் இப்போது மண்டபத்தின் பெயர். இதை இப்படியே விட்டுவிட்டால்தான் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்த தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை.

அருள்தாஸ் மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வந்தான்னா இங்கேயே வச்சிரலாம். சாப்பாட்டு ஹாலு தனியா உண்டா?"

"மாடியில இருக்குய்யா."

"மாடியிலயா? அவன் ஆத்தா சந்தனமேரிக்கு முட்டி வலி. மவன் கல்யாணமாவே இருந்தாலும் படி ஏற மாட்டா."

"லிஃப்ட் இருக்குய்யா."

"அப்பச் சரி."

ஜெரால்டின் பெயருக்குத் தனியாக ஒரு ஃபைல் எழுதிச் சேர்த்தாள். சர்வர் ஏற்கவில்லை. ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டு மறுபடி ஓடவிட்டாள். அப்போதும் மண்டபம். கம்ப்யூட்டர் பழைய பக்கத்தையே நினைவில் பிடித்து வைத்திருந்தது. அந்த நினைவை அழித்துவிட்டுத் தட்டினாள்.

ஜெரால்டு சிரித்தான். நீலச் சட்டை, வலது புருவத்தில் தழும்பு.

அருள்தாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நம்பர் சரியா இருக்கா பாரு. போன் அடிச்சா என் காதுக்குக் கேக்காதுன்னுதானே சந்தனமேரி நம்பரப் போட்டோம்." ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். பிறகு விரல் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. இதுவரை எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்று அங்கே ஒரு கணக்கு இருக்கும்.

"நாலாயிரத்து எரநூத்திப் பன்னெண்டு. போன வாரம் எரநூத்திப் பதினொண்ணு." அவர் முகம் மலர்ந்தது. "முன்னயெல்லாம் நூறு நூறா ஏறும். இப்ப வாரத்துக்கு ஒண்ணுதான். ஆனா நிக்கலல்ல தாயி? ஒருத்தர் பாத்திருக்காங்க. அந்த ஒருத்தர் போதும்."

"போதும்யா," என்றாள் அவள், கீபோர்டைப் பார்த்தபடி.

"வாரேன். அந்த வாட்ச்மேன்கிட்ட சொல்லி வை, பேர மறந்துறாம."

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சந்தனமேரி.

"பாத்துட்டாராம்மா?"

"பாத்துட்டாரும்மா. பஸ்ஸுக்குப் போயிட்டாரு. ஆனா முத்துராஜ் போன்லயும் தேடியிருக்காரு. எத்தனை நாளைக்கும்மா இப்புடி?"

"அவருக்கு ஆபரேஷன் பண்ண நெஞ்சும்மா அது. ஈஸ்டர் வரைக்கும் போகட்டும்."

போன தடவை கிறிஸ்துமஸ் வரைக்கும் என்று சொல்லியிருந்தாள்.

சுடர்விழி போனை வைத்துவிட்டு, இன்னும் சிரித்துக்கொண்டிருந்த ஜெரால்டைப் பார்த்தாள். அருள்தாஸ் காத்திருக்கும் அந்த அழைப்பு, அவனை அங்கேயே மண்ணில் வைத்துவிட்டார்கள் என்ற செய்தியோடு, போன வருஷமே சந்தனமேரியின் போனுக்கு வந்துவிட்டது. விஷயம் தெரிந்த யாரும் இதைப் பார்த்து அருள்தாஸைத் தேடி வந்துவிடக் கூடாது என்று சந்தனமேரி கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்ட நாளிலிருந்து, ஜெரால்டின் பக்கம் இந்த ஒரு கம்ப்யூட்டரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் திறப்பதில்லை. அதை வாரத்துக்கு ஒருத்தர்தான் பார்க்கிறார்.