யாரோட சாப்பிட்டீங்க?

"சாப்பிட்டீங்களா ஐயா?"

"ஆச்சும்மா."

மறுநாளே, தனியாக வாழ்ந்த அந்தப் பெரியவர் பசி மயக்கத்தில் விழுந்தார். தேகு நகரத் திருச்சபைத் தொண்டு நிறுவனத்தின் ஆய்வுத் தலைவி இன்சுக் என்பவளால், தான் அவரிடம் பேசிய அந்தப் பேச்சை மறக்க முடியவில்லை.

"தனியா இருக்கிற பெரியவங்க எல்லாரும் நல்லா சாப்பிடறாங்கன்னுதானே உங்க ஆய்வு சொல்லுது?" என்று கூட்டத்தில் கேட்டார் டைரக்டர் க்வாக்.

"கேள்வியே தப்பு சார். கொரியாவுல 'சாப்பிட்டீங்களா'ன்னா வணக்கம்னு அர்த்தம். பட்டினி கிடக்கிறவங்களும் ஆச்சுன்னுதான் சொல்வாங்க. 'யாரோட சாப்பிட்டீங்க'ன்னு கேட்டிருக்கணும்."

"ஆராய்ச்சிப் புலிக்கு இப்பத்தான் தோணிச்சாக்கும்!" என்று சிரித்தார் அவர். "சரி, எல்லா வீட்டுக்கும் மறுபடி போய்க் கேளுங்க."

மற்றவர்கள் கலைந்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"நேத்து ராத்திரி நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு சார்."

"யாரோட?"

இன்சுக் கையிலிருந்த ஆய்வுத் தாள்களை மேசையில் வைத்தாள். மகன் ராணுவத்துக்குப் போனதிலிருந்து அவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். அதற்கு முன்பே கோபித்துக்கொண்டு தனி அறை எடுத்துப் போன கணவர், இதோ, டைரக்டராக எதிரில் நிற்கிறார். அலுவலகத்தில் 'சார்' என்று கூப்பிட்டே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

"என்னங்க..." என்றாள். "வீட்டுக்கு வந்துடுங்களேன்."